காரணம் சொல்லாத் துயரம்: ஜப்பானிய, மேற்கத்தேயப் பொப் பாடல்களின் பாடுபொருள் குறித்து ஓர் ஒப்புநோக்கு

ஒரு சமூகத்தின் மனத்தை அறிவதற்கு அதன் சட்டநூல்களைவிட அதன் பாடல்களே சிறந்த வாயில் என்ற கருத்து நெடுங்காலமாக நிலவி வருகின்றது. இக்கருத்தில் உண்மை உண்டு, ஆபத்தும் உண்டு. பாடல்களைக் கொண்டு ஒரு மக்கள் கூட்டத்தின் இயல்பை வரையறுக்க முற்படுவோர், தாம் கேட்டது எவ்வளவு, கேளாமல் விட்டது எவ்வளவு என்ற வினாவைப் பெரும்பாலும் எழுப்புவதில்லை.

ஜப்பானியப் பொப் பாடல்களையும் மேற்கத்தேயப் பொப் பாடல்களையும் ஒப்பிடுவோர் வழக்கமாக ஒரே முடிவை வந்தடைகின்றனர். மேற்கத்தேயப் பாடல் 'நான்' என்று முன்வந்து தன் காதலையும் கோபத்தையும் நேரடியாக அறிவிக்கின்றது. ஜப்பானியப் பாடலோ பருவகாலம், மலர், மழை, ரயில் நிலையம் ஆகியவற்றைக் காட்டி, உணர்வைக் குறிப்பாற் புலப்படுத்துகின்றது. முன்னது தன்னை நிறுவும் கலை. பின்னது தன்னை மறைக்கும் கலை என்பதே அம்முடிவு.

மேற்பரப்பளவில் இது பிழையான வருணனை எனக் கூறுவதற்கில்லை. ஆயின், இவ்வேறுபாட்டை இரு மக்களின் மாறா இயல்பாகக் கொள்ளும்போதுதான் தவறு நேர்கின்றது. ஒரு பாடலில் ஏதேனும் சொல்லாமல் விடப்பட்டிருப்பின் அதற்கு ஒரு வரலாறு உண்டு. அதை அவ்வாறு செய்தவர் உண்டு. அதனால் விளைந்த பயனும் உண்டு. இதனைச் சில பாடல்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 'மேற்கத்தேய' என்பதால் அமெரிக்க, பிரித்தானிய ஆங்கிலப் பாடல்களையே நாம் பெரிதும் குறிக்கின்றோம். எமது கவனம் பாடல்களின் சொல்லின்மீதே; இசை பற்றிய ஏனைய விவாதங்கள் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

பெயர் மாற்றப்பட்ட பாடல்

1961இல் ஜப்பானில் கியூ சகமோட்டோ என்ற இளம் பாடகர் ஒரு பாடலைப் பாடினார். அதன் சொற்களை எழுதியவர் ரொகுசுகே எய். இசையமைத்தவர் ஹச்சிதாய் நகமுரா. 'மேல்நோக்கியபடி நடப்போம்' என்பது அதன் தலைப்பின் பொருள். இரவில் தனியே நடந்து செல்லும் ஒருவர், கண்ணீர் சிந்திவிடாதிருக்க முகத்தை உயர்த்திக்கொள்கின்றார். கடந்துபோன பருவங்களை நினைவுகூர்கின்றார். பாடல் இவ்வளவே. அவர் ஏன் அழுகின்றார் என்பது இறுதிவரை சொல்லப்படுவதில்லை.

இப்பாடல் 1963இல் அமெரிக்காவின் பில்போர்ட் தரவரிசையில் முதலிடத்தை அடைந்து, மூன்று வாரங்கள் அங்கு நிலைத்தது. அத்தரவரிசையில் முதலிடம் பெற்ற முதல் ஜப்பானிய மொழிப் பாடல் இதுவே. ஆனால் அங்கு அது தன் பெயரில் அறியப்படவில்லை. பிரித்தானிய இசைத்தட்டு நிறுவனமொன்று, ஆங்கிலேயர் நாவுக்கு எளிதாக இருக்கும் எனக் கருதி 'சுகியாக்கி' என்று அதற்குப் பெயரிட்டது. சுகியாக்கி என்பது மாட்டிறைச்சியும் மரக்கறியும் இட்டுச் சமைக்கப்படும் ஒரு ஜப்பானிய உணவு. பிரிவுத் துயரைப் பாடும் ஒரு தமிழ்ப் பாடலுக்குப் 'பிரியாணி' எனப் பெயரிட்டு வெளிநாட்டில் விற்பதற்கு இது ஒப்பாகும்.

மொழி அறியாத இரசிகர்கள் பாடலின் துயரைக் குரலிலிருந்து உணர்ந்தனர். காரணத்தைத் தாமே இட்டு நிரப்பினர். 1981இல் 'எ டேஸ்ட் ஒஃப் ஹனி' என்ற அமெரிக்கக் குழு இம்மெட்டுக்கு ஆங்கிலச் சொற்களைப் பாடி, தரவரிசையில் மூன்றாம் இடம்வரை சென்றது. அவ்வாங்கில வடிவில் துயருக்கு ஐயமற்ற காரணம் ஒன்று வந்து சேர்கின்றது: காதலர் பிரிந்து சென்றுவிட்டார்.

சொற்களை எழுதிய எய்யின் மனத்தில் இருந்தது எது? 1960இல் ஜப்பான், அமெரிக்காவுடனான பாதுகாப்பு உடன்படிக்கையைப் புதுப்பிப்பதற்கு எதிராக மாபெரும் மக்கள் கிளர்ச்சியைக் கண்டது. ஜூன் 15ஆம் திகதி பாராளுமன்ற வளாகத்தில் நிகழ்ந்த மோதலில் மிச்சிகோ கன்பா என்ற டோக்கியோ பல்கலைக்கழக மாணவி உயிரிழந்தார். நான்கு நாட்களின் பின் உடன்படிக்கை தானாகவே பாராளுமன்ற ஒப்புதல் பெற்றதாயிற்று. அக்கிளர்ச்சியில் கலந்துகொண்ட எய், அது தோற்றுப்போன கசப்பிலேயே இச்சொற்களை எழுதினார் என்பது ஜப்பானில் பரவலாக அறியப்பட்ட செய்தி. அமெரிக்காவுடனான உடன்படிக்கையை எதிர்த்த மனத்திலிருந்து பிறந்த சொற்களை, அமெரிக்கா பொருளறியாமலே தன் முதலிடத்தில் அமர்த்தியது. அது முதலிடம் பெற்ற தரவரிசையின் திகதி 1963 ஜூன் 15. மாணவி இறந்து சரியாக மூன்று ஆண்டுகள். இது தற்செயலே, ஆயினும் அத்திகதியின் பொருளை அறிந்த அமெரிக்க இரசிகர் எத்தனை பேர் இருந்திருப்பர் என்ற வினாவை அது எழுப்பவே செய்கின்றது.

இதிலிருந்து இப்பாடல் ஓர் அரசியற் பாடலே என முடிவுசெய்வதும் அதே பிழையை மறுதிசையிற் செய்வதாகும். சொற்களில் அரசியல் இல்லை. 1985 ஓகஸ்ட் 12ஆம் திகதி நிகழ்ந்த விமான விபத்தில் இறந்த 520 பேரில் சகமோட்டோவும் ஒருவர்; அதன்பின் இப்பாடலைக் கேட்டோர் அதில் அவருடைய மரணத்தையும் கேட்டனர். 2011 மார்ச்சில் நிலநடுக்கமும் கடற்பேரலையும் வடகிழக்கு ஜப்பானை அழித்தபோது, ஆறுதலுக்காக மீண்டும் பாடப்பட்ட பாடல்களில் இதுவும் ஒன்று. எய் காரணத்தை எழுதியிருந்தால், அவருடைய துயரம் 1960உடன் முடிந்திருக்கும். எழுதாது விட்டமையால் பின்வந்தோரின் துயரங்களுக்கும் அங்கு இடமிருந்தது.

இலக்கணம் தரும் வாய்ப்பு

ஜப்பானிய மொழி இத்தகைய மௌனத்துக்கு வசதி செய்து தருகின்றது என்பதில் ஐயமில்லை. தமிழிலும் எழுவாயை விட்டுவிடலாம். ஆனால் 'நடந்தேன்', 'நடந்தாள்' என வினைமுற்றே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஜப்பானிய வினைச்சொல் அதையும் செய்வதில்லை. நடந்தவர் யார், ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்பது சூழலால் மட்டுமே அறியப்படும். ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பவர் 'நான்', 'அவள்', 'நாம்' என்பவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தே ஆகவேண்டும். அத்தெரிவோடு பாடலின் ஒரு பகுதி மூடப்பட்டுவிடுகின்றது. அகப்பாடலில் தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது எனத் தொல்காப்பியம் விதித்த மரபை அறிந்த தமிழ் வாசகருக்கு இதன் பயன் புதிதன்று. பெயரற்ற துயரம் எவருடைய துயரமாகவும் ஆகலாம்.

எனினும் இலக்கணம் ஒரு வாய்ப்பைத் தருகின்றதேயன்றி, பாடுபொருளைத் தீர்மானிப்பதில்லை. ஆங்கிலத்திலும் இம்மௌனம் இயலும் என்பதற்கு 1965இல் வெளிவந்த பீட்டில்ஸ் குழுவின் 'யெஸ்டர்டே' சான்றாகும். மெட்டு முதலில் பிறந்து, சொற்கள் கிடைக்கும்வரை போல் மெக்கார்ட்னி முட்டைப் பொரியலைப் பற்றிய தற்காலிகச் சொற்களை அதற்கு இட்டுவைத்திருந்தார். இறுதியாக அமைந்த பாடலில் ஒரு பெண் விலகிச் சென்றுவிட்டாள். ஏன் சென்றாள் என்பது பாடுபவருக்கும் தெரியாது, அவளும் சொல்லவில்லை. உலகம் இதைக் காதற்பிரிவாகவே கேட்டது. 1956இல், தம் பதினான்காம் வயதில் இழந்த தாயின் மறைவு அச்சொற்களுள் கலந்திருக்கலாம் என்பதைப் பிற்காலத்தில் மெக்கார்ட்னியே ஏற்றுக்கொண்டார். நேரடியாகப் பேசுவதாகக் கருதப்படும் மேற்கத்தேயப் பாடலின் மிகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று, தன் துயரின் காரணத்தை எழுதியவருக்கே சொல்லாமல் வைத்திருந்தது.

ஆறும் வழியும்

இரு மரபுகளின் வேறுபாட்டைக் காட்ட மிகப் பொருத்தமானவையாகத் தோன்றும் இரு பாடல்கள் உள்ளன. ஒன்று, 1969இல் ஃபிராங்க் சினாட்ராவின் குரலில் வெளியான 'மை வே'. மற்றொன்று, 1989 ஜனவரியில் ஹிபாரி மிசோராவின் குரலில் தனி இசைத்தட்டாக வெளியான 'ஆற்றின் ஓட்டம்போல்' என்னும் பொருள்தரும் தலைப்புடைய பாடல். இரண்டும் வாழ்வின் அந்தியில் நின்று திரும்பிப் பார்ப்பவை. முதலாவதில், வாழ்ந்த வாழ்வு முழுவதும் தன் சொந்தத் தீர்மானத்தின் விளைவு என்று ஒருவர் நிமிர்ந்து நின்று அறிவிக்கின்றார். இரண்டாவதில், வாழ்வு வளைந்து நெளிந்து செல்லும் ஆறாகின்றது. பாடுபவர் அதன் போக்குக்குத் தன்னை ஒப்படைக்கின்றார். ஒன்றில் வெற்றிகொள்ளும் தனிமனிதன்; மற்றொன்றில் பணிந்து அமையும் உயிர். கிழக்கு, மேற்கு என்ற பாடத்துக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமா என்று தோன்றும்.

ஆனால் இப்பாடல்கள் பிறந்த விதம் அப்பாடத்துக்கு இடந்தருவதாயில்லை. 'மை வே'யின் மெட்டு அமெரிக்கருடையதன்று. 1967இல் குளோட் பிரான்சுவா பாடிய பிரெஞ்சுப் பாடலொன்றின் மெட்டு அது. மூலப் பாடலின் பொருள், அன்பு வற்றி வழக்கமாகிப்போன இல்வாழ்வின் சலிப்பு. அதன் உரிமையைப் பெற்ற போல் அங்கா என்ற கனேடியர், சினாட்ராவின் பேச்சுத் தோரணையை மனத்திற்கொண்டு முற்றிலும் வேறான சொற்களை எழுதினார். தன்னுறுதியின் கீதமாக இன்று கொள்ளப்படும் அப்பாடலின் 'நான்', ஒருவர் மற்றொருவருக்காகத் தைத்துக்கொடுத்த உடையாகும்.

மிசோராவின் பாடலுக்குச் சொற்களை எழுதிய யசுஷி அகிமோட்டோ அப்போது நியூயோர்க்கில் வாழ்ந்துகொண்டிருந்தார். அந்நகரின் ஈஸ்ட் ஆற்றைப் பார்த்தபடியே அதை எழுதியதாக அவரே கூறியுள்ளார். ஜப்பானிய ஆன்மாவின் ஆறு எனப் போற்றப்படும் அந்த ஆறு, ஊற்றெடுத்த இடம் அமெரிக்கா. மேலும், முதுமையின் குரல்களாக ஒலிக்கும் இவ்விரு பாடல்களையும் எழுதியபோது அங்காவுக்கு 27 வயது. அகிமோட்டோவுக்கு 30 வயதளவு.

இதனால் இப்பாடல்கள் பொய்யானவை ஆகிவிடுவதில்லை. போருக்குப் பின்னான சிதைவுகளின் நடுவே சிறுமியாகப் பாடத் தொடங்கிய மிசோரா, அந்த 1989 ஜூனிலேயே தம் 52ஆம் வயதில் காலமானார். ஷோவா பேரரசர் மறைந்து சில நாட்களுக்குள் இசைத்தட்டு வெளியானமையால், மக்கள் அதில் ஒரு தனிவாழ்வின் முடிவோடு ஒரு சகாப்தத்தின் முடிவையும் கேட்டனர். எழுதியவரின் கைத்திறன், பாடியவரின் வாழ்வு, கேட்டவரின் காலம் ஆகிய மூன்றும் கூடிய இடத்திலேயே பாடலின் பொருள் உருவாகின்றது. அங்கு 'இனத்தின் இயல்பு' என்ற நான்காவது காரணி தேவைப்படவில்லை என்பதே எமது துணிபு.

சகுராவும் மார்ச் மாதமும்

ஜப்பானியப் பொப் பாடலுக்கே உரியதெனக் கருதப்படும் ஒரு பாடுபொருள், பள்ளி நிறைவுப் பிரிவு. அங்கு கல்வியாண்டு மார்ச்சில் முடிந்து ஏப்ரலில் தொடங்குகின்றது. சகுரா மலர்ந்து உதிரும் காலமும் அதுவே. ஆகவே நண்பரைப் பிரிதலும் மலர் உதிர்தலும் ஒரே காட்சியாகின்றன. 2000க்குப் பின் மட்டும் மசஹாரு ஃபுகுயாமா (2000), நவோதாரோ மொரியாமா (2003), கெட்சுமெய்ஷி, கொபுகுரோ (இரண்டும் 2005), இக்கிமோனோ கக்காரி (2006) எனப் பலரும் 'சகுரா' என்ற சொல்லைத் தலைப்பிலேயே கொண்ட பாடல்களைப் பாடியுள்ளனர். ஆங்கிலப் பொப் பாடல்களில் பள்ளி வேறுவிதமாக வருகின்றது. அலிஸ் கூப்பரின் 1972ஆம் ஆண்டுப் பாடலிலும், பிங்க் ஃபுளொயிட் குழுவின் 1979ஆம் ஆண்டுப் பாடலிலும் அது தப்பவேண்டிய சிறை.

இங்கும் வரலாற்றை நோக்குவோம். ஜப்பானிய அரசின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குமாறு 1886இல் அமைக்கப்பட்ட பின்னரே கல்வி நிலையங்கள் படிப்படியாக ஏப்ரலுக்கு மாறின. ஒரு பகுதியிலுள்ள மரங்களெல்லாம் ஒரே வேளையில் மலர்ந்து உதிரும் சோமெய் யோஷினோ வகைச் சகுரா, மெய்ஜி காலத்திலிருந்தே பரவலாக நடப்பட்டது. பள்ளி நிறைவு விழாக்களில் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்ட 'ஹொத்தாரு நோ ஹிகாரி', 1880களின் தொடக்கத்தில் கல்வி அமைச்சின் பாடநூலுக்காக ஸ்கொட்லாந்து நாட்டார் மெட்டுக்குச் சொல் இட்டு ஆக்கப்பட்டது. அதற்கு இணையான 'அஓகெபா தோட்டோஷி'யின் மெட்டு, 1871ஆம் ஆண்டு அமெரிக்கப் பள்ளிப் பாடல் தொகுப்பொன்றிலிருந்து வந்தது என்பது 2011இல்தான் கண்டறியப்பட்டது. பழமையானதெனத் தோன்றும் இந்த உணர்வு, நிதியாண்டும் நாற்றுப்பண்ணையும் பாடநூற் குழுவும் சேர்ந்து அமைத்த மேடையில் வளர்ந்தது.

அம்மேடையில் எதிர்க்குரலும் எழுந்துள்ளது. 1985இன் தொடக்க மாதங்களில் 'பள்ளி நிறைவு' என்ற ஒரே தலைப்பில் குறைந்தது மூன்று பாடல்கள் ஜப்பானில் வெளியாயின. யுகி சைட்டோ பாடியதும் மொமொகோ கிகுச்சி பாடியதும் மென்மையான பிரிவுப் பாடல்கள். யுட்டாகா ஒசாகி தாமே எழுதிப் பாடிய மூன்றாவதிலோ, இரவில் பள்ளிச் சன்னல்களை உடைக்கும் மாணவர் வருகின்றனர். இங்கிருந்து வெளியேறியபின் எம்மை ஆளப்போவது எது என்ற வினா எழுகின்றது. மலரும் இல்லை, மறைப்பும் இல்லை. மூன்றும் ஒரே மொழி, ஒரே ஆண்டு, ஒரே தலைப்பு.

சகுராவின் மௌனத்தில் இதனினும் கடுமையான ஒரு பக்கம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது கடற்படை வீரர்களிடையே பரவிய 'தோக்கி நோ சகுரா' என்ற பாடல், ஒரே அணியினரை ஒரே மரத்து மலர்களாக்கி, நாட்டுக்காக ஒன்றாக உதிர்வதை அழகெனப் பாடியது. அதன் மூலக் கவிதை 1938இல் சிறுமியருக்கான இதழொன்றில் வெளிவந்தது என்பது வியப்புக்குரியது. தற்கொலைத் தாக்குதலுக்குப் புறப்பட்ட இளைஞர்கள் பாடிய பாடலாகவே அது இன்று நினைவுகூரப்படுகின்றது. அரசு எவ்வாறு இம்மலரின் பொருளை இளைஞரின் மரணத்துக்கு ஏற்றதாக வளைத்தது என்பதை மானிடவியலாளர் எமிகோ ஒனுக்கி டியர்னி 2002இல் வெளியிட்ட நூலொன்றில் விரிவாக ஆராய்ந்துள்ளார். இங்கு மலர் எதை மறைத்தது? அவ்விளைஞரை அனுப்பியவர் யார் என்பதையே மறைத்தது. உதிர்தல் இயற்கையின் செயலாகக் காட்டப்படும்போது, கட்டளையிட்டவர் காட்சியிலிருந்து நீங்கிவிடுகின்றார்.

எய்யின் பாடலிலும் காரணம் சொல்லப்படவில்லை, இப்பாடலிலும் சொல்லப்படவில்லை. முன்னதில் அம்மௌனம் கேட்பவருக்கு இடமளித்தது. பின்னதில் அது பொறுப்புடையவருக்குப் புகலிடம் அளித்தது. இரண்டையும் 'ஜப்பானிய மென்மை' என்ற ஒரே பெயரால் அழைப்பது திறனாய்வு ஆகாது.

வெளிப்படுத்தும் 'நான்'

மேற்கத்தேயப் பாடலின் 'நான்' குறித்தும் இதே கவனம் தேவை. 1980 முதல் 2007 வரையான அமெரிக்க வெற்றிப் பாடல்களின் சொற்களை எண்ணிய உளவியலாளர் சிலர், தன்மை ஒருமைச் சொற்கள் அக்காலத்தில் பெருகின எனவும், பிறரோடு கூடிவாழ்தலைச் சுட்டும் சொற்கள் குறைந்தன எனவும் 2011இல் ஓர் ஆய்வில் காட்டினர். போக்கு அவ்வாறே இருக்கலாம். ஆயினும் சொல்லெண்ணிக்கை 'நான்' எத்தனைமுறை வந்தது என்பதைக் காட்டுமேயன்றி, அந்த 'நான்' எதைச் செய்தது என்பதைக் காட்டாது.

தன்னை வெளிப்படுத்தும் பாடலுக்கு முன்மாதிரியாகக் கொள்ளப்படும் தொகுப்பு, கனடாவிற் பிறந்த ஜோனி மிட்செல் 1971இல் வெளியிட்ட 'புளூ'. அதில் 'லிட்டில் கிரீன்' என்றொரு பாடல் உண்டு. 1965இல் தாம் ஈன்று, வறுமையால் தத்துக்கொடுக்க நேர்ந்த மகளை எண்ணி எழுதப்பட்டது அது. ஆனால் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டோர் அதை அறிந்திருக்கவில்லை. 1990களில் உண்மை வெளிப்பட்ட பின்னர்தான் பாடலின் பச்சை நிறமும் பருவங்களும் ஒரு குழந்தையைச் சுற்றி அமைந்தவை எனப் பலருக்கும் விளங்கிற்று. எதையும் மறைக்காதவர் எனப் புகழப்பட்ட கவிஞர், தம் மிகப்பெரிய துயரை நிறத்துக்கும் பருவத்துக்கும் பின்னால் வைத்துப் பாடினார். அதே பாடலை ஒரு ஜப்பானியப் பெண் எழுதியிருந்தால், அது ஜப்பானியப் பண்பின் வெளிப்பாடு என விளக்கம் எழுதப்பட்டிருக்கும்.

ஒப்பீட்டின் அளவுகோல்

ஜப்பானியரைப் பற்றிய இத்தகைய விளக்கங்களுக்கு ஒரு முன்வரலாறு உண்டு. போர்க்காலத்தில் அமெரிக்க அரசுக்காக ரூத் பெனடிக்ட் தொடங்கி 1946இல் நூலாக வெளியிட்ட ஆய்வு, ஜப்பானுக்குச் செல்லாமலே ஜப்பானியப் பண்பாட்டை வரையறுத்தது. பின்னர் ஜப்பானிய எழுத்தாளர் பலரும் தம் மக்களின் தனித்தன்மையை அதே பாணியில் எழுதலாயினர். பிறர் தீட்டிய சித்திரத்தை ஒரு சமூகம் தன் முகமாக ஏற்றுக்கொள்வதும் நிகழ்வதுண்டு என்பதற்கு இது சான்று. எட்வர்ட் செய்தின் எழுத்துக்களோடு பரிச்சயமுள்ள எமது வாசகர்களுக்கு இதன் விளைவுகளை விரித்துரைக்கத் தேவையில்லை.

1963இன் கதை இன்றும் முடிந்துவிடவில்லை. மரியா டகேயுச்சி 1984இல் பாடிய 'பிளாஸ்டிக் லவ்' 2017க்குப் பின் இணையத்தின் வழியே மேற்கில் பெரும் இரசிகர் கூட்டத்தைப் பெற்றது. பலர் அதில் தாம் வாழ்ந்திராத ஒரு டோக்கியோவின் இனிய ஏக்கத்தைக் கேட்டனர். சொற்களோ, காயமுற்றபின் காதலை விளையாட்டாக்கிக்கொண்ட ஒரு பெண்ணின் இறுகிய மனத்தைச் சொல்கின்றன. அவள் தன் நிலையை மறைக்கவில்லை. கேட்டவர்களே அதைக் கேட்கவில்லை. எனவே 'சொல்லாமல் விடும் பாடல்' என்ற புகழ்மொழியில் ஒரு பகுதி, மொழி அறியாதோர் தம் அறியாமைக்கு இட்ட பெயரோ என ஐயுறவும் இடமுண்டு.

ஆகவே இரு மரபுப் பாடல்களை ஒப்பிடுவோர், எது கூடுதலாகப் பேசுகின்றது, எது குறைவாகப் பேசுகின்றது என அளப்பதோடு நின்றுவிடலாகாது. மௌனம் உள்ள இடத்தில், அது கேட்பவருக்கு இடமளிக்கின்றதா, குற்றமுடையவரைக் காக்கின்றதா எனக் கேட்கவேண்டும். 'நான்' ஒலிக்கும் இடத்தில், அது பிறரின் துயருக்கு வாயில் திறக்கின்றதா, வாயிலை அடைத்து நிற்கின்றதா எனக் கேட்கவேண்டும். இவ்வினாக்களுக்கு டோக்கியோவிலும் இரு விடைகள் உண்டு. நியூயோர்க்கிலும் இரு விடைகள் உண்டு. பாடலின் சொல்லையும், எழுதியவரையும், எழுந்த காலத்தையும் அறிந்தபின்னரே விடைகூற இயலும். அவ்வுழைப்பைத் தவிர்த்து இனத்தின் இயல்பைப் பேசுவது, அழும் ஒருவரின் பாடலுக்கு உணவின் பெயரைச் சூட்டிய அதே செயலின் தொடர்ச்சியே என்பது எமது முடிபாகும்.